தீபாவளிக் கிளாசில் என்ன ஊற்றப் போகிறோம்?

(தெலுக் இந்தானில் நடைபெற்ற தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்ச்சி அறிவிப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தெலுக் இந்தான் என்றதும் வெளியூர்க்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி, "சாய்ந்த கோபுரத்தைப் பார்த்தீர்களா?" என்பதுதான். 1885-ஆம் ஆண்டில் கட்டப்பட்ட அந்தக் கோபுரத்தின் முன்னால் நின்று படம் பிடிக்காதவர்கள் இல்லை. ஆனால் அதன் உள்ளே என்ன இருந்தது என்று கேட்டால் பலர் விழிப்பார்கள். உள்ளே இருந்தது ஒரு தண்ணீர்த் தொட்டி. ஊருக்குத் தேவையான தண்ணீரைச் சேமித்து வைக்கத்தான் அந்தக் கோபுரம் பயன்பட்டது. ஆகவே, தண்ணீரைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது.

'தண்ணீர்' என்று சொன்னால் யாரும் சிரிப்பதில்லை. 'தண்ணி' என்று சொன்னால் மட்டும் பின்வரிசையில் ஒரு சிரிப்பு எழுகிறது. அந்தச் சிரிப்புக்குள் நம் சமுதாயத்தின் நூறு ஆண்டுக் கதை இருக்கிறது. எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு, 'பண்டிகை நாளுக்கு எளிமையான, வண்ணமயமான, பொங்கி வரும் ஒரு பானம்' என்பது. சமையல் குறிப்பு சொல்லிவிட்டுப் போகலாம். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் தீபாவளி அன்று நம் வீட்டுக் கிளாசில் எதை ஊற்றுகிறோம் என்பது, அன்று யார் யாரோடு உட்காரப் போகிறார்கள் என்பதை முடிவு செய்கிறது. அதைச் சொல்லிவிட்டுத்தான் செய்முறைக்கு வர வேண்டும்.

ஒரே வீட்டில் நான்கு கூட்டம்

நம் தாமான்களில் தீபாவளி எப்படி நடக்கிறது என்று சற்று எண்ணிப் பாருங்கள். காலையில் எண்ணெய்க் குளியல், கோயில், பெரியவர்களிடம் ஆசி. அதுவரை குடும்பம் ஒன்றாக இருக்கிறது. பத்து மணிக்கு மேல் விருந்தினர் வரத் தொடங்கியதும் வீடு நான்காகப் பிரிகிறது. முன் வாசலில் மலாய், சீன நண்பர்கள். அவர்களுக்கு ஆரஞ்சு, சர்சி. பின்பக்கத்துக் கூடாரத்தில் ஆண்கள். அவர்களுக்கு டின்களும் போத்தல்களும் ஐஸ் பெட்டியும். அடுப்படியில் பெண்கள். அவர்களுக்கு ஆறிப்போன தேநீர். படிக்கட்டில் பிள்ளைகள். அவர்களுக்கு யாராவது ஞாபகம் வந்தால் ஒரு கிளாஸ் சிரப்.

ஒரே கூரையின் கீழ் நான்கு வகைக் கிளாஸ்கள், நான்கு கூட்டங்கள். அப்பாவைப் பார்க்க வந்த மகனின் மலாய் நண்பன் அப்பாவைப் பார்க்காமலேயே போகிறான். ஏனென்றால் அப்பா பின்னால் இருக்கிறார். அங்கே அவன் வர முடியாது.

இன்னொருவரையும் நினைத்துப் பாருங்கள். அவர் குடியை விட்டு ஆறு மாதம் ஆகிறது. வேலை நாட்களில் சமாளித்துவிடுகிறார். தீபாவளி அன்றுதான் அவருக்குச் சோதனை. பின்பக்கம் போனால், "என்ன மாமா, இன்றைக்குக்கூடவா?" என்பார்கள். முன்பக்கம் உட்கார்ந்தால், "ஏன் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள்?" என்பார்கள். கையில் பிள்ளைகள் குடிக்கும் ஆரஞ்சைக் கொடுத்தால் மற்றவர்கள் கிண்டல் செய்வார்கள். அவருக்குத் தேவை அறிவுரை அல்ல. கையில் பிடித்துக் கொண்டு கம்பீரமாக உட்காருவதற்கு ஒரு நல்ல கிளாஸ். வீட்டில் எல்லாருடைய கையிலும் அதே கிளாஸ் இருந்தால் அவரை யாரும் தனியாகப் பார்க்க மாட்டார்கள்.

காரோட்டி வந்திருப்பவரையும் மறக்க வேண்டாம். நம் நாட்டில் 2020-ஆம் ஆண்டில் சட்டம் கடுமையாக்கப்பட்டது. நூறு மில்லி லிட்டர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் என்றிருந்த மது அளவு வரம்பு 50 மில்லிகிராமாகக் குறைக்கப்பட்டது. பீடோர், லங்காப், ஊத்தான் மெலிந்தாங் என்று நாலா பக்கமும் உறவினர் வீடுகளுக்குப் போய்வரும் நாள் அது. விருந்து கொடுப்பவருக்கு, வந்தவர் பத்திரமாக வீடு போய்ச் சேரும் வரை பொறுப்பு உண்டு.

கள்ளுக்கடை முதல் சம்சு வரை

இந்தப் பழக்கம் நேற்று வந்ததல்ல. இந்த ஊருக்குத் தெலுக் ஆன்சன் என்று பெயர் இருந்த காலத்தில், சுற்றிலும் இருந்த ரப்பர், தென்னைத் தோட்டங்களில் நம் மக்கள் உழைத்தார்கள். அந்தக் காலத்துத் தோட்டங்களில் பள்ளிக்கூடம் இருந்ததோ இல்லையோ, கள்ளுக்கடை இருந்தது. பகல் முழுவதும் வெட்டிய களைப்புக்கு மாலையில் கள் என்பது வாழ்க்கை முறையாகவே ஆக்கப்பட்டது. சம்பளத்தில் ஒரு பங்கு, கொடுத்த கைக்கே திரும்பிப் போனது.

அதை எதிர்த்தவர்களும் நம்மவர்கள்தான். இரண்டாம் உலகப் போருக்குப் பின் கெடா மாநிலத்தில் தோட்டத் தொழிலாளர்கள் 'தொண்டர் படை' அமைத்தார்கள். 1947-இல் பீடோங் வட்டாரத்தில், ஹார்வர்ட் தோட்டத்தை மையமாகக் கொண்டு கள்ளுக்கடைகளுக்கு எதிராகப் போராடினார்கள். போலீஸ் நடவடிக்கையையும் கைதுகளையும் சந்தித்தார்கள். அந்தப் போராட்டத்தில் பெண்களும் நின்றார்கள். சம்பளப் பணம் வீடு வந்து சேராதபோது முதலில் பட்டினி கிடப்பது யார் என்று அவர்களுக்குத் தெரியும்.

பின்னர் சின்னப் போத்தல்களில், மலிவு விலையில் சம்சு வந்தது. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் அதை எதிர்த்துப் பல ஆண்டுகள் பிரசாரம் செய்தது. இன்றும் ஆபத்து தீரவில்லை. 2018 செப்டம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கில் மெத்தனால் கலந்த மதுவைக் குடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்ததைச் செய்தியில் பார்த்தோம். மெத்தனாலைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. மலிவாகக் கிடைக்கிறது என்று யாரோ கொண்டுவரும் போத்தலில் என்ன இருக்கிறது என்று மேசையில் இருக்கும் எவருக்கும் தெரியாது.

இதில் எனக்கு வியப்பு ஒன்று உண்டு. இங்கிருந்து பக்கத்தில் இருக்கும் பாகான் டத்தோ வட்டாரம் தென்னைக்குப் பேர் போனது. தென்னையின் பாளையைச் சீவினால் கள். அதே பாளையை விட்டுவைத்தால் இளநீர். மரம் ஒன்றுதான். எதை எடுப்பது என்பது நம் கையில் இருக்கிறது.

கொப்பளிக்கும் தண்ணீரின் கதை

"சரி, கொண்டாட்டம் என்றால் ஒரு பொங்கல், ஒரு நுரை, ஒரு பளபளப்பு வேண்டாமா?" என்று இளைஞர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அந்தப் பளபளப்பு மதுவுக்கு மட்டும் சொந்தமானதா என்று பார்ப்போம்.

1767-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஜோசப் பிரீஸ்ட்லி என்ற அறிஞர் ஒரு பியர் ஆலைக்குப் பக்கத்தில் குடியிருந்தார். நொதிக்கும் தொட்டிகளுக்கு மேலே ஒருவகைக் காற்று தேங்கி நிற்பதைக் கவனித்தார். அந்தக் காற்றில் தண்ணீரைப் பிடித்துப் பார்த்தார். தண்ணீர் சுறுசுறுவென்று நாக்கைத் தொட்டது. அந்தக் காற்றுதான் கரியமில வாயு. அதாவது, பியர்த் தொட்டிக்கு மேலே பிறந்தும் பியர் கலக்காத பானம்தான் சோடா! 1783-இல் ஜெனீவாவில் ஷ்வெப் என்பவர் அதை வியாபாரமாக்கினார். 1883-இல் சிங்கப்பூரில் ஃபிரேசர், நீவ் என்ற இருவர் சோடா தயாரிப்பில் இறங்கினார்கள். நம் பாட்டிமார் பண்டிகைக்குப் பெட்டிப் பெட்டியாக வாங்கி வைத்த ஆரஞ்சு, சர்சி போத்தல்களின் கதை அங்கிருந்துதான் வருகிறது. தமிழகத்தில் தாத்தாக்கள் கட்டைவிரலால் அழுத்தித் திறந்த கோலி சோடாப் போத்தல், 1872-இல் ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் காப்புரிமை பெற்ற வடிவம்.

'காக்டெயில்' என்ற பெயரைக் கேட்டதும் நட்சத்திர ஓட்டல் ஞாபகம் வருகிறது. 1806-இல் அமெரிக்காவின் ஹட்சன் நகரத்துப் பத்திரிகை ஒன்று அதற்கு விளக்கம் கொடுத்தது. மது, சர்க்கரை, தண்ணீர், கசப்புச் சாறு ஆகிய நான்கும் சேர்ந்த கலவை என்றது. நான்கில் ஒன்றைத் தள்ளிவிட்டாலும் மற்ற மூன்றும் நம் வீட்டிலேயே இருக்கின்றன. அதற்கு மேல் நம்மிடம் இருப்பது வண்ணம்.

வேலியில் பூத்திருக்கும் நீலம்

வண்ணத்துக்கு எங்கே போவது? வேலிக்குப் போங்கள். சங்குப்பூ படர்ந்திருக்கும். மலாய்க்காரர்கள் 'பூங்கா தெலாங்' என்பார்கள். கிளந்தானின் நாசி கெராபு சோற்றுக்கு நீல நிறம் தருவது அதுதான். நாம் அதைப் பறித்துச் சாமிக்கு வைக்கிறோம். அந்தப் பூவின் நீலத்தில் ஒரு வித்தை இருக்கிறது. புளிப்புப் பட்டால் அது ஊதாவாக மாறும். இன்னும் புளிப்பு ஏறினால் இளஞ்சிவப்பாகும். பூவில் இருக்கும் ஆந்தோசயனின் என்ற நிறப்பொருள் அமிலத்துக்கு ஏற்றபடி நிறம் மாற்றுவதுதான் காரணம். பிள்ளைகளுக்குப் பள்ளியில் சொல்லிக் கொடுக்கும் அறிவியல் இது. தீபாவளி அன்று அவர்கள் கண் முன்னாலேயே நடக்கும்.

இனி செய்முறை. எழுதிக் கொள்ள விரும்புபவர்கள் எழுதிக் கொள்ளலாம்.

ஒரு கிளாசுக்கு வேண்டியவை: ரோஜா சிரப் 1 மேசைக்கரண்டி, லீமாவ் கஸ்தூரி என்று சந்தையில் வாங்குகிறோமே, அந்தச் சின்ன எலுமிச்சை 2, கிளாசில் பாதி அளவு ஐஸ் கட்டி, இனிப்பில்லாத சோடா 120 மில்லி லிட்டர், சங்குப்பூத் தண்ணீர் 60 மில்லி லிட்டர், மேலே வைக்கப் புதினா இலை.

முதல் நாள் இரவே பூத்தண்ணீரைத் தயாரித்துவிடுங்கள். பறித்த பூவாக இருந்தால் 15, காய்ந்ததாக இருந்தால் 10. பச்சைக் காம்பைக் கிள்ளிவிட்டு நன்றாகக் கழுவி, ஒரு கப் கொதிநீரில் போட்டுப் பத்து நிமிடம் மூடி வையுங்கள். வடிகட்டி, ஆறியதும் குளிர்ப்பெட்டியில் வையுங்கள். சர்க்கரை சேர்க்கக் கூடாது. காரணம் பின்னால் சொல்கிறேன்.

மறுநாள் விருந்தினர் வந்த பிறகு கிளாசை எடுங்கள். முதலில் சிரப்பையும் எலுமிச்சைச் சாற்றையும் அடியில் ஊற்றுங்கள். அடுத்தது ஐஸ். பிறகு கிளாசைச் சாய்த்துப் பிடித்துச் சோடாவை ஓரமாக மெல்ல ஊற்றுங்கள். கடைசியில் ஒரு கரண்டியைக் கவிழ்த்து ஐஸ் மேலே பிடித்து, அதன் முதுகில் பூத்தண்ணீரை வழிய விடுங்கள். அடியில் சிவப்பு, நடுவில் கொப்பளிக்கும் தெளிவு, மேலே நீலம். சற்று நேரத்தில் நீலமும் தெளிவும் சேரும் இடத்தில் ஊதா படரும். கலக்கினால் முழுக் கிளாசும் நிறம் மாறும். அதை விருந்தினரையே கலக்கச் சொல்லுங்கள். அதுதான் வேடிக்கை.

ஏன் இந்த வரிசை? சர்க்கரை கரைந்த நீர் கனமானது; அடியில் தங்கும். சர்க்கரை இல்லாத பூத்தண்ணீர் இலேசானது, மேலே மிதக்கும். முன்கூட்டியே கலந்து வைத்தால் வண்ணமும் போகும், பொங்கலும் போகும். இன்னொன்று, சோடா குளிர்ச்சியாக இருக்க வேண்டும். உறைநிலையில் இருக்கும் தண்ணீர், 20 பாகை வெப்பத்தில் இருக்கும் தண்ணீரைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு கரியமில வாயுவைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நம் ஊர் மதிய வெயிலில் கூடாரத்தில் கிடந்த சோடாவைத் திறந்தால், ஒரே சீறலில் எல்லாம் வெளியேறிவிடும். மிஞ்சுவது வெறும் தண்ணீர்.

இருபது பேருக்குக் கணக்கு இதோ. சிரப் 300 மில்லி லிட்டர், லீமாவ் கஸ்தூரி 40, 325 மில்லி லிட்டர் சோடா டின் 8, பூத்தண்ணீர் 5 கப், ஐஸ் மூன்று நான்கு கிலோ. இதற்கு ஓட்டல் சமையல்காரர் வேண்டாம். பத்து வயதுப் பிள்ளையை மேசைக்குப் பக்கத்தில் நிறுத்தினால் போதும். அன்று அந்தப் பிள்ளைதான் வீட்டின் நாயகன்.

பாகான் டத்தோ இளநீர் கிடைத்தால் சோடாவில் பாதியைக் குறைத்து இளநீர் சேர்க்கலாம். பொங்கல் குறையும், சுவை கூடும். புகை வர வேண்டும் என்று சிலர் உலர்பனியைப் பானத்தில் போடுகிறார்கள். அது வேண்டவே வேண்டாம். உலர்பனியின் குளிர் சுழியத்துக்குக் கீழே 78 பாகை. ஒரு சின்னத் துண்டு வாய்க்குள் போனாலும் வாயும் குடலும் வெந்துவிடும்.

இன்னொரு எதிரி சர்க்கரை

மதுவைத் தள்ளிவிட்டுச் சர்க்கரையை அழைத்து வந்தால் என்ன பயன்? 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, நம் நாட்டுப் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு இருப்பதாகச் சொன்னது. இந்தியர்களிடம் அந்த விகிதம் இன்னும் அதிகம். நம் வீட்டுத் தீபாவளி மேசையில் அதிரசமும் நெய்யுருண்டையும் ஏற்கெனவே காத்திருக்கின்றன.

அதனால்தான் இனிப்பில்லாத சோடாவைச் சொன்னேன். டின்னின் பக்கவாட்டில் எழுதியிருப்பதைப் படியுங்கள். 100 மில்லி லிட்டருக்கு 10 கிராம் சர்க்கரை என்று இருந்தால், 325 மில்லி லிட்டர் டின்னில் 32 கிராமுக்கு மேல் இருக்கிறது. அது ஆறு தேக்கரண்டிக்கும் அதிகம். நான் சொன்ன கிளாசில் ஒரு மேசைக்கரண்டி சிரப்தான். ஏறக்குறைய இரண்டு, இரண்டரை தேக்கரண்டிச் சர்க்கரை. நீரிழிவு உள்ளவருக்குச் சிரப்புக்குப் பதிலாக, மசித்த சிவப்பு டிராகன் பழம் ஒரு கரண்டி போடுங்கள். சிவப்பு நிறம் அப்படியே இருக்கும். சர்க்கரை வெகுவாகக் குறையும். கர்ப்பிணிப் பெண்களுக்குப் பூத்தண்ணீரைத் தவிர்த்துவிட்டு மாதுளைச் சாறு சேர்க்கலாம். யாருடைய கிளாசும் மற்றவர் கிளாசைவிட ஏழ்மையாகத் தெரியக் கூடாது. அதுதான் முக்கியம்.

முஸ்லிம் நண்பர்கள் வரும் வீட்டில் சிரப் போத்தலில் ஹலால் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். மது ஊற்றிய கிளாசை அலம்பி இதற்குப் பயன்படுத்தாதீர்கள். புதுக் கிளாஸ் வையுங்கள். இல்லாவிட்டால் நிறம் தெரியும் காகிதமில்லாத் தெளிவான கப் வையுங்கள். அவர்கள் கேட்காமலேயே நாம் செய்வதுதான் மரியாதை.

"இதனால் குடி ஒழிந்துவிடுமா?"

இந்தக் கேள்வியை என்னிடம் நேராகவே கேட்பார்கள். ஒரு கிளாஸ் கலர் தண்ணீரால் நூறு ஆண்டுப் பழக்கம் போய்விடுமா? போகாது. குடிநோய்க்கு மருத்துவம் வேண்டும், குடும்பத்தின் பொறுமை வேண்டும், ஆலோசனை வேண்டும். 2017 டிசம்பர் முதல் தேதியிலிருந்து மது வாங்கும் வயது 18-இலிருந்து 21 ஆக உயர்த்தப்பட்டது. சட்டம் கடைக்காரரைத்தான் தடுக்கும். நம் வீட்டுப் பின்பக்கத்துக் கூடாரத்துக்குள் அது எட்டிப் பார்ப்பதில்லை. அங்கே பதினாறு வயது மகனுக்கு, "பெரியவனாகிவிட்டாய், ஒரு வாய் பார்" என்று முதல் கிளாசைக் கொடுப்பது அந்நியர் அல்லர். சித்தப்பா, மாமா, அண்ணன். அன்பினால்தான் கொடுக்கிறார்கள். 'இன்று நீ எங்களில் ஒருவன்' என்று சொல்ல அவர்களுக்கு வேறு வழி தெரியவில்லை.

அந்த வேறு வழியைத்தான் நான் கேட்கிறேன். அன்பைக் காட்ட ஒரு கிளாஸ் வேண்டும் என்றால், அந்தக் கிளாசில் இருப்பது ஏன் மதுவாகவே இருக்க வேண்டும்? திருக்குறளில் ஒன்பதாவது அதிகாரம் விருந்தோம்பல். தொண்ணூற்று மூன்றாவது அதிகாரம் கள்ளுண்ணாமை. இரண்டையும் எழுதியவர் ஒருவரே. விருந்து வேண்டும், கள் வேண்டாம் என்று ஒரே புலவர் சொல்லியிருக்கும்போது, இரண்டையும் ஒன்றாகக் கட்டிவைத்தது நாம்தான்.

குடிப்பவரைத் திட்டுவதற்காக நான் இங்கே வரவில்லை. திட்டித் திருந்தியவர்கள் குறைவு. இந்தத் தீபாவளிக்கு ஒரே ஒரு மாற்றம் செய்து பாருங்கள். விருந்துக்கு வரும் எல்லாருக்கும், வயது, மதம், நோய், பழக்கம் எதையும் பார்க்காமல், முதல் கிளாஸ் ஒரே கிளாசாக இருக்கட்டும். முன் வாசலில் ஒரு மேசை போடுங்கள். தாத்தாவுக்கும் அதே நீலம், பேரனுக்கும் அதே நீலம், பக்கத்து வீட்டு ஃபாத்திமா அக்காவுக்கும் அதே நீலம். அடுப்படியில் வேர்த்துக் கிடக்கும் அம்மாவை அழைத்து வந்து, அவருக்கு முதலில் கொடுங்கள். முதல் அரை மணி நேரம் எல்லாரும் ஒரே இடத்தில் நின்று, நிறம் மாறுவதைப் பார்த்துச் சிரித்துப் பேசட்டும். குடியை விட்டவர் அந்தக் கூட்டத்தில் தலை நிமிர்ந்து நிற்கட்டும்.

அதற்குப் பிறகு பின்பக்கம் போகிறவர்கள் போகட்டும். எத்தனை பேர் எழுந்து போகிறார்கள் என்று மட்டும் எண்ணிப் பாருங்கள். அடுத்த ஆண்டும் எண்ணுங்கள். ஒருவர் குறைந்திருந்தாலும் அந்த வீட்டில் உண்மையான தீபாவளி.

அனைவருக்கும் இனிய தீபாவளி வாழ்த்துகள்.